மீன் உணவும் கடலின் கேடும்: ஓர் ஆராய்ச்சி

சென்ற வைகாசிப் பௌர்ணமி கழிந்த ஞாயிற்றுக்கிழமையன்று, பெங்களூரில் நமது பாட வகுப்பு நடந்துகொண்டிருக்கையில், மூத்த உபாசிகை ஒருவர் எழுந்து ஒரு வினா எழுப்பினார். "ஐயா, கல்லூரியில் படிக்கும் என் பேத்தி இனிமேல் வீட்டில் மீன் வாங்கவேண்டாம் என்கிறாள். கடலில் மீன் அற்றுப்போகிறதாம். அதற்கு உண்பவர்களே காரணமாம். நாற்பது ஆண்டுகளாக வாரம் ஒருமுறை மத்தி வாங்கிக் குழம்பு வைக்கிறேன். நான் ஒருத்தி விட்டுவிட்டால் கடல் பிழைக்குமா?" என்பது அவர் வினா.

நான் மறுமொழி கூறுமுன், கோலார் தங்கவயலிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் சினத்துடன் குறுக்கிட்டார். "மாட்டிறைச்சி உண்பவர் என்று சொல்லி நம் முன்னோரைச் சேரிக்கு அப்பால் நிறுத்தினார்கள். கருவாட்டு நாற்றம் என்று சொல்லி நமக்கு வாடகை வீடு மறுத்தார்கள். இப்பொழுது கடலின் பெயரால் அதே பாட்டைப் பாடுகிறார்களா?" என்றார். வகுப்பில் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. இருவர் கூற்றும் உண்மை சார்ந்தனவாகலின், ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் தள்ளிவிடுதல் முறையன்று. அன்று நேரம் போதாமையால் சுருக்கமாகக் கூறியதை ஈண்டு விரித்தெழுதுகிறேன்.

முதற்கண் இரண்டு வினாக்களைப் பிரித்துக்கொள்ளல் வேண்டும். மீன் உண்பவன் தூயவனா, அல்லனா என்பது ஒன்று. மீன் உண்ணாதிருப்பதால் கடலுக்கு நன்மை விளையுமா என்பது மற்றொன்று. முதல் வினா உண்பவனைப் பற்றியது. இரண்டாவது கடலைப் பற்றியது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவதனாலேயே, ஒரு சாரார் தாம் மீன் உண்ணாமையால் கடல் காக்கப்பட்டுவிட்டதென்று மகிழ்கின்றனர். மற்றொரு சாரார் தம்மை யாரோ பழிக்கிறார்கள் என்று கருதிக் கடலின் நிலையைக் கேட்கவும் மறுக்கின்றனர்.

முதல் வினாவைப் பற்றி நம் நூல்கள் கூறுவதை நேயர்கள் அறிவர். இராசகிருகத்தில், ஜீவகன் என்னும் மருத்துவனது மாந்தோப்பில், பகவான் அளித்த விடை மச்சிம நிகாயத்தில் ஜீவக சூத்திரமாக உள்ளது. தன் பொருட்டுக் கொல்லப்பட்டதைக் கண்டாலோ, கேட்டாலோ, ஐயுற்றாலோ, அவ்விறைச்சியைப் பிக்கு ஏற்கலாகாது; இம்மூன்றும் இல்லாவிடின் ஏற்கலாம். மீனும் இறைச்சியும் எக்காலத்தும் கூடாதென விதிக்கவேண்டும் எனத் தேவதத்தன் வற்புறுத்தியபோது பகவான் அதற்கு இணங்கவில்லை. இவை தெளிவானவை. ஆயினும் இவ்விதி ஓடேந்தி வீடுதோறும் நின்று, இட்டதை ஏற்கும் பிக்குவுக்கு உரியது என்பதை நாம் பல சமயங்களில் மறந்துவிடுகிறோம். பிக்கு 'இது வேண்டும்' என்று கேட்பதில்லை. நாமோ பணத்தைக் கையிற் கொண்டு சந்தைக்குச் சென்று, 'இது வேண்டும், அது வேண்டாம்' என்று சுட்டிக் கேட்கிறோம். அதே சூத்திரத்தில், ததாகதர் பொருட்டு உயிர்க்கொலை செய்பவன் அடையும் ஐந்து தீமைகளுள் முதலாவதாக எண்ணப்படுவது யாதெனில், 'அவ்வுயிரைக் கொண்டுவா' என்று ஏவுதலேயாம். சந்தையில் வாங்குவோன் ஒரு குறிப்பிட்ட மீனைக் கொல் என்று ஏவவில்லை; எனினும் நாளைய வலையை ஏவுவோர் கூட்டத்தில் அவனும் ஒருவன். மும்முறைத் தூய்மையைக் காட்டி இல்லறத்தார் முழுவதும் விலகிக்கொள்ள இயலாது என்பது என் துணிபு. அவர் பங்கு எத்துணை என்பதுதான் எஞ்சிய வினா.

இனிக் கடலின் நிலையைக் காண்போம். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் உலகக் கடல்களின் மீன் தொகுதிகளைக் கணக்கிட்டு வருகிறது. தாங்கும் அளவுக்கு மேல் பிடிக்கப்பட்ட தொகுதிகள் 1974-இல் நூற்றுக்குப் பத்தாக இருந்தன. 2021-இல் அவை நூற்றுக்கு 37.7 ஆயின. மீன் என்பது வட்டி ஈனும் முதல் போன்றது. ஆண்டுதோறும் பிறக்கும் குஞ்சுகள் வட்டி. முட்டையிடும் தாய்மீன்கள் முதல். வட்டியை உண்டு வாழ்ந்த காலம் போய், முதலிலேயே கைவைக்கும் காலம் வந்துள்ளது.

மீன் குறைவது மட்டுமே கேடன்று. இழுவலை என்பதன் தொழிலை நேயர்களுள் பலர் கண்டிரார். பை வடிவான வலையை விசைப்படகின் பின்னே கட்டி, கடலின் அடித்தரையைத் தொட்டவாறு மணிக்கணக்கில் இழுத்துச் செல்வர். இறாலுக்காக இழுக்கப்படும் அவ்வலையினுள் இறாலோடு சிறு நண்டு, கடற்பாம்பு, சங்கு, விற்பனைக்கு ஆகாத சிறுமீன், பெரிய மீன்களின் குஞ்சு ஆகிய யாவும் அள்ளப்பட்டு வருகின்றன. மன்னார் வளைகுடாப் பக்கத்துக் கரையூர்களில் இக்கழிசலுக்குச் 'சங்காயம்' என்று பெயர். முன்னாளில் இதனைச் செத்த நிலையில் கடலிலேயே கொட்டினர். இந்நாளில் கொட்டுவதில்லை, கரைக்குக் கொணர்ந்து மீன்தூள் ஆலைகளுக்கு விற்கின்றனர். வீணாகாமற் பயன்படுகிறதே என நினைக்கத் தோன்றும். ஆனால் எதற்கு விலை உண்டாகிறதோ அதனைத் தேடிப் பிடித்தல் உலக இயல்பு. கழிசலுக்கும் விலை வந்தபின், குஞ்சு வலையிற் படாமல் காக்கவேண்டும் என்ற எண்ணமே படகுக்காரருக்கு இல்லாமற் போகிறது.

இப்பொழுது உபாசிகை அம்மையாரின் குழம்புச் சட்டிக்கு வருவோம். வாரம் ஒரு கிலோ மத்தி என்றால் ஆண்டுக்கு 52 கிலோ. இந்தியக் கடற்கரைகளில் இக்காலத்தில் ஆண்டுதோறும் இறங்கும் மீன் ஏறத்தாழ 35 லட்சம் டன், அதாவது 350 கோடி கிலோ. அம்மையார் விட்டுவிட்டால் அந்த 52 கிலோ கடலிலேயே தங்கிவிடும் என்று யாரேனும் கூறின், அவர் சந்தையை அறியாதவர். வாங்குவோர் சிறிது குறைந்தால் விலை சிறிது இறங்கும். இறங்கிய விலைக்கு வேறொருவர் வாங்குவார். அவரும் வாங்காவிட்டால் மங்களூருக்கு அருகிலுள்ள உள்ளாளத்திலும் மல்பெயிலும் மீன்தூள் ஆலைகள் இருக்கின்றன. மனிதர் வாய் மூடினால் ஆலையின் வாய் திறக்கும். படகு கடலுக்குப் போவதும் போகாததும், டீசல் விலை, கடன் தவணை, ஏற்றுமதிக் கம்பெனியின் முன்பணம் ஆகியவற்றைப் பொறுத்தது. ஒரு வீட்டு அடுப்பைப் பொறுத்ததன்று.

மத்தியின் வரலாறே இதற்குத் தக்க சான்று. மலையாளக் கரையில் மத்தி என்றும் சாளை என்றும், துளு நாட்டில் பூத்தாய் என்றும் வழங்கும் இம்மீன், ஏழையின் மீன். கொழுப்பு மிகுந்தது, முள்ளோடு உண்ணத்தக்கது, ஓராண்டுக்குள் முட்டையிடும் பருவம் எய்திப் பெருகுவது. ஆனால் இதனை ஏழை மட்டுமா கொண்டான்? சென்னை மாகாண அரசின் மீன் துறை 1907-இல் தோன்றிய அந்நாட்களில், மேற்குக் கரையெங்கும் மத்தியைக் காய்ச்சி எண்ணெய் எடுத்து, சக்கையை உரமாக விற்கும் கொட்டகைகள் இருந்தன. காபித் தோட்டத்துச் செடியும் மத்தி உண்டது! 1940-களில் மத்தி பெரிதும் குன்றிப் பின்னர் மீண்டது. நம் காலத்தில், கேரளக் கரையில் மட்டும் 2012-இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் இறங்கிய மத்தி, 2021-இல் 3,300 டன் அளவுக்கு வீழ்ந்தது. பின்னர் 2023-இல் 1.38 லட்சம் டன்னாக உயர்ந்தது. இத்துணை பெரிய ஏற்றமும் இறக்கமும் நாம் உண்டதாலா, உண்ணாததாலா? கொச்சியிலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார், பருவமழையின் போக்கும், ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலெழுந்து மீனுக்கு இரை பெருக்கும் செயலும், கடல்நீர்ச் சூடும் இதில் பெரும்பங்கு கொள்வதைக் காட்டியுள்ளனர். இயற்கை கை சுருக்கும் ஆண்டிலும் குஞ்சோடு வாரிக்கொள்வதுதான் மனிதன் செய்யும் பிழை. பஞ்ச காலத்தில் விதைநெல்லைக் குத்தி உண்பவனுக்கு மழையைக் குறைகூற உரிமை ஏது?

ஆகவே, தங்கவயல் பெரியவரின் சினத்தில் நியாயம் உண்டு என்பதை மறைக்கலாகாது. வாரம் ஒருமுறை மத்தியும், மழை நாளில் நெத்திலிக் கருவாடும் உண்ணும் குடும்பம் கடலை வெறுமையாக்கவில்லை. உலகில் பிடிக்கப்படும் மீனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 170 லட்சம் டன், மனிதர் வாய்க்கு நேரே போகாமல் மீன்தூளும் மீனெண்ணெயும் ஆகிறது. ஒரு கிலோ மீன்தூளுக்கு நான்கைந்து கிலோ பச்சைமீன் வேண்டும். அத்தூள் பண்ணை இறாலுக்கும், வளர்ப்பு மீனுக்கும், பன்றிக்கும், கோழிக்கும் தீவனத்தில் சேர்கிறது. 'நான் கடல் மீனை விட்டுவிட்டேன். பண்ணை இறால் மட்டுமே உண்கிறேன்' என்று சென்ற ஆண்டு என்னிடம் பெருமையாகக் கூறிய நண்பர் ஒருவர், தாம் மத்தியையே இறாலின் வழியாக உண்கிறார் என்பதை அறியார். அவரினும், சட்டியில் மத்தியை நேரே இடும் பாட்டி கடலுக்குச் செய்யும் தீங்கு குறைவு.

எனினும் உண்பவர் கையில் ஒன்றுமே இல்லையென்று முடித்துவிடுதலும் தவறு. உண்போர் ஒருமித்து நின்று கடலின் வழக்கத்தை மாற்றிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. பசிபிக் மாகடலின் கிழக்குப் பகுதியில், மெக்சிகோ முதல் பெரு வரையுள்ள நீர்ப்பரப்பில், மஞ்சள்துடுப்புச் சூரை மீன்கள் ஓங்கில்களின் கீழே கூட்டமாகச் செல்லும் இயல்புடையன. ஓங்கில் மூச்சுவிட நீர்மேல் வரும். ஆகலின் மீனவர்க்கு அடையாளம் எளிது. 1950-களின் இறுதியிலிருந்து அமெரிக்கப் படகுகள் ஓங்கில் கூட்டத்தையே சுருக்குவலையால் வளைத்து, கீழுள்ள சூரையைப் பிடிக்கலாயின. வலையிற் சிக்கி மூச்சடைத்து மாண்ட ஓங்கில்கள் 1960-களில் ஆண்டுக்குப் பல லட்சம். 1972-இல் அமெரிக்காவில் சட்டம் வந்தும் கொலை முற்றும் நிற்கவில்லை. ஒருவர் மீன்பிடிக் கப்பலில் வேலைக்கு அமர்ந்து, இக்கொடுமையை மறைவாகப் படம் பிடித்து 1988-இல் வெளியிட்டார். அதனைக் கண்ட மக்கள் டப்பாச் சூரையை வாங்க மறுத்தனர். பள்ளிப் பிள்ளைகள் கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதினர். 1990 ஏப்ரலில் அந்நாட்டின் மூன்று பெரிய டப்பாமீன் கம்பெனிகளும், ஓங்கிலை வளைத்துப் பிடித்த சூரையை இனி வாங்கோம் என்று அறிவித்தன. 1992-இல் பல நாடுகள் கூடி உடன்படிக்கை செய்து, கப்பல்தோறும் பார்வையாளர்களை அமர்த்தின. ஓங்கில் சாவு லட்சங்களிலிருந்து சில ஆயிரங்களாகவும், பின்னர் அதற்கும் கீழாகவும் இறங்கியது.

இந்நிகழ்ச்சி வெற்றி பெற்றதற்குக் காரணங்கள் உண்டு. வாங்குவோர் 'மீனே வேண்டாம்' என்று கூறவில்லை. 'இவ்வகையிற் பிடித்தது வேண்டாம்' என்று ஒரே பொருளைச் சுட்டிக் கூறினர். விற்போர் மூவரே ஆதலின், வாங்குவோர் குரல் சிதறாமல் அம்மூவர் செவியில் விழுந்தது. ஒருவர் இருவரன்றி லட்சக்கணக்கானோர் ஒரே காலத்தில் கூறினர். கடைசியில் அரசுகளின் உடன்படிக்கை அதனை நிலைநிறுத்தியது. இத்தனையும் கூடியும் தீங்கு முற்றும் நீங்கவில்லை என்பதை மறைத்தல் நேர்மையாகாது. ஓங்கிலை விட்ட படகுகளுட் பல, மிதக்கும் மரக்கட்டைகளையும் தெப்பங்களையும் விட்டு, அவற்றின் நிழலிற் கூடும் மீனைப் பிடிக்கத் தொடங்கின. அந்நிழலில் கூடுபவை சூரைக் குஞ்சுகளும், சுறாக்களும், ஆமைகளும். ஓருயிரைக் காத்த கை வேறு உயிர்களின்மேல் விழுந்தது. உண்பவர் கண் ஓங்கிலைப் பார்த்தது, சுறாவைப் பார்க்கவில்லை.

இதற்கு மாறான எடுத்துக்காட்டு கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரை. ஐந்நூறு ஆண்டுகளாக ஐரோப்பாவுக்கு உணவளித்த காட் மீன் அங்கே அற்றுப்போய், 1992 சூலையில் அரசே மீன்பிடியை நிறுத்தவேண்டியதாயிற்று. ஏறத்தாழ முப்பதாயிரம் பேர் ஒரே நாளில் தொழில் இழந்தனர். காட் உண்டவர்கள் கடைசி நாள் வரை உண்டனர். கடையில் மீன் இருந்ததால் கடலிலும் இருக்கிறதென்று நம்பினர். அது ஓரளவேனும் மீளும் வரை, 2024 வரை, தடை நீடித்தது.

நம் நாட்டிலோ கடலுக்கு ஓய்வு கேட்டவர்கள் யார்? உண்பவர்கள் அல்லர், ஆராய்ச்சியாளர் மட்டும் அல்லர். இவ்வரலாறு நம் மக்கள் அறிய வேண்டியது. 1952-இல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகளும் செய்த உடன்படிக்கையின்படி, கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில் மீன் தொழிலைச் சீர்திருத்தும் திட்டம் தொடங்கியது. ஏழை மீனவர்க்கு நல்ல படகும் நல்வாழ்வும் தருவது அதன் நோக்கம். 1953-இல் கொச்சியிலிருந்து உறையவைத்த இறால் அமெரிக்காவுக்குப் போகத் தொடங்கியதும், திட்டத்தின் போக்கு மாறிற்று. இழுவலைப் படகுகள் பெருகின. பணம் உள்ளவர், கடலையே காணாதவர், படகு முதலாளிகள் ஆயினர். கட்டுமரத்திலும் வள்ளத்திலும் சென்றவர் வலைகளை இழுவைப்படகுகள் அறுத்துச் சென்றன. 1980-களில் அச்சிறு மீனவர்கள், ஆணும் பெண்ணும், உண்ணாநோன்பும் மறியலும் நடத்தி, மீன் முட்டையிடும் மழைக்காலத்தில் இழுவலையை நிறுத்தவேண்டும் என்று போராடினர். 1988-இல் கேரள அரசு முதன்முதலாக மழைக்காலத் தடை விதித்தது. இன்று மேற்குக் கரையில் கர்நாடகம் உள்ளிட்ட மாநிலங்களில் சூன் 1 முதல் சூலை 31 வரை, 61 நாட்கள், விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை. 2017 நவம்பரில், மின்விளக்கொளி காட்டி மீனை ஈர்த்துப் பிடிப்பதையும், இரட்டைப் படகு கட்டி இழுப்பதையும் மைய அரசு தன் கடல் எல்லையில் தடுத்தது. இவற்றுள் ஒன்றும் ஒருவர் உணவைத் துறந்ததால் வந்ததன்று. பலர் கூடிப் பொதுவிதி கேட்டதால் வந்தது.

மழைக்கால ஓய்வு என்றதும் உபாசகர்களுக்கு ஒன்று நினைவுக்கு வரவேண்டும். இராசகிருகத்து வேணுவனத்தில் பகவான் தங்கியிருந்த காலத்தில் பிக்குகளுக்கு வஸ்ஸாவாசம் என்னும் மழைக்காலத் தங்கல் விதிக்கப்பட்டிருக்கவில்லை. பிக்குகள் கோடையிலும் குளிரிலும் மழையிலும் ஒருபடித்தாக நடந்து திரிந்தனர். மக்கள் முறையிட்டனர்: பசும்புல்லை மிதிக்கிறார்கள், சிற்றுயிர்களை நசுக்குகிறார்கள், மற்றச் சமயத் துறவிகள் மழையில் ஓரிடத்தில் தங்குகிறார்கள், பறவைகள்கூட மரத்தில் கூடுகட்டி இருக்கின்றனவே என்றனர். இம்முறையீட்டைக் கேட்டே பகவான் மழைக்காலத் தங்கலை விதித்தார் என்பது விநயத்தின் மகாவக்கத்தில் காணப்படுவது. பிக்குகள் அடியெடுத்து வைப்பதில் கவனமுடையவர்கள் அல்லரா? ஆவர். ஒவ்வொருவரும் தனித்தனியே கவனமாக நடப்பதற்கும், அனைவரும் ஒரு பருவம் முழுவதும் நில்லாமல் நடப்பதை நிறுத்துவதற்கும் உள்ள வேறுபாட்டை இவ்விதி காட்டுகிறது. ஆயிரம் கால்கள் கவனமாக மிதித்தாலும் புல் மிதிபடும். ஆயிரம் குடும்பங்கள் கவனமாகத் தெரிந்து வாங்கினாலும், குஞ்சு பொரிக்கும் பருவத்தில் வலை இழுபட்டால் குஞ்சு சாகும். கடலுக்கும் ஒரு வஸ்ஸம் வேண்டும். அஃது இப்பொழுது 61 நாள் கிடைத்துள்ளது.

பாபாசாகேப் அம்பேத்கர் தமது 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில் (1957) அகிம்சையைப் பற்றி எழுதுகையில், பகவான் அதனைக் கட்டாய விதியாக்காமல் வாழ்க்கைக் கொள்கையாக வைத்தார் என்றும், கொள்கை மனிதனுக்குச் செயற்சுதந்தரம் விடும், விதி விடாது என்றும் விளக்குகிறார். உணவுத் தட்டைப் பொறுத்தவரை நான் அவ்வழியையே பின்பற்றுவேன். ஒருவர் மீன் உண்பதையும் உண்ணாததையும் கொண்டு உபாசகத் தன்மையை அளக்க நமக்கு உரிமையில்லை. அளக்கத் தொடங்கிய சமுதாயம் எங்கே போய் நின்றது என்பது நம் முதுகுத் தழும்புகளுக்குத் தெரியும். ஆனால் கடலைப் பொறுத்தவரை கொள்கை மட்டும் போதாது. பதினாயிரம் படகுகள் போட்டியிடும் இடத்தில் நல்லெண்ணமுடைய ஒருவன் வலையைச் சுருட்டினால், அவன் விட்ட மீனை அடுத்தவன் அள்ளுவான். அங்கே விதி வேண்டும். அதனைக் காக்கும் அதிகாரியும் வேண்டும்.

அங்ஙனமாயின் நம் சட்டியில் செய்யத்தக்கது ஒன்றுமில்லையா? உண்டு. அதன் அளவை அறிந்து செய்தல் வேண்டும். யான் முதலில் வைப்பது குஞ்சை வாங்காமையே. கேரள அரசு 2015 முதல் இன்ன மீன் இன்ன நீளத்துக்குக் குறைந்தால் பிடிக்கலாகாது என்று அளவு வகுத்துள்ளது. மத்திக்கு 10 சென்டிமீட்டர், அயிலைக்கு 14 சென்டிமீட்டர். அதற்குக் குறைந்தது எந்த மாநிலத்துச் சந்தைக்கு வந்தாலும் அது குஞ்சே. விரல் பருமன் வஞ்சிரக் குஞ்சைக் கூடையில் கூறுபோட்டு மலிவாக விற்பதைக் கண்டிருப்பீர்கள். யானும் ஒருமுறை மலிவென்று வாங்கியதுண்டு. வளரவிட்டிருந்தால் ஒவ்வொன்றும் பல கிலோ எடையுள்ள மீனாகியிருக்கும் என்பதைப் பின்னரே அறிந்து நாணினேன். குஞ்சை வாங்காமை கடைக்காரருக்கு உடனே உறைக்கும். பெரிதாகப் பிடித்ததற்கு விலையும் குஞ்சுக்கு விலையின்மையும் படகு வரையில் எட்டக்கூடிய செய்தி.

அடுத்து, எந்த மீன் என்பது. மத்தி, நெத்திலி, அயிலை போன்றவை விரைந்து பெருகுவன. இயற்கை ஒத்துழைத்தால் மீள்வன. சுறாவும் திருக்கையும் அவ்வாறல்ல. பல ஆண்டு வளர்ந்தபின்னரே ஈனும். ஈனுவதும் சில குட்டிகளே. அவற்றின் தொகை குன்றினால் நம் ஆயுளில் மீளாது. பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுரக்கப் பால்சுறாப் புட்டுச் செய்து கொடுத்த கைகள் நம் வீடுகளில் இருக்கின்றன. அவர்களிடம் இதனைச் சொல்வது எனக்கும் கடினமே. ஆயினும் ஒன்றை விடுவதாயின் இதை விடுவதே கடலுக்குப் பெரும் பயன் தரும். இறாலில், இழுவலையில் வந்ததாயினும் பண்ணையில் வளர்ந்ததாயினும், நாம் காணாத மீன் சேர்ந்திருக்கிறது. நம் நாட்டிலிருந்து 2023-24-இல் ஏற்றுமதியான உறைந்த இறால் மட்டும் 7 லட்சம் டன்னுக்கு மேல். பெரும்பங்கு கொண்டது அமெரிக்கா. ஆகலின் இறாலைப் பற்றிய பொறுப்பில் நம் தட்டினும் பெரிய தட்டு அங்கே இருக்கிறது. அதற்காக நம் தட்டு கணக்கில் வாராது என்பதில்லை.

சூன், சூலை மாதங்களில் சந்தையில் கிடைப்பது யாதென்று விசாரித்து வாங்குதலும் நன்று. விசையில்லாத சிறுபடகில் கரையோரத்தில் பிடித்ததாயின் அதற்குத் தடையில்லை. அவர்கள் பிழைப்புக்கு அது உதவும். கிழக்குக் கரைத் தடை சூன் 14-இல் முடிந்துவிடுவதால் அங்கிருந்தும் மீன் வரும். ஐயமாயின் அக்காலத்துக்கென்றே நம் பாட்டிமார் வெயிலில் காயவைத்த கருவாடு இருக்கிறது. அதன் வாசனையை இழிவென்று நாணுபவர், ஐஸ் பெட்டியில் பல நூறு மைல் வரும் வஞ்சிரத்தை உயர்வென்று கருதுவது பழக்கத்தின் மயக்கமே.

முற்றும் மீனை விட விரும்புபவர் விடட்டும். அம்மையாரின் பேத்தி விட்டதை யான் குறைத்துப் பேசேன். உயிரின்மேல் இரக்கத்தால் விடுவது அவள் உள்ளத்துக்கு நல்லது. அதன் பயன் கடலில் அளந்து காட்டத் தேவையில்லை. பயறும் கீரையும் எண்ணெய் வித்தும் போதிய அளவு கிடைக்கும் வீட்டில் அது எளிது. கிடைக்காத வீட்டில், முள்ளோடு உண்ணும் சிறுமீன் பிள்ளைகளின் எலும்புக்கு வலிமை தருவது. அவ்வீட்டாரிடம் சென்று உபதேசம் செய்வது அறமாகாது.

இவற்றை வகுப்பில் கூறி முடித்தபின், அம்மையார் வேறொன்றும் கேட்காமல் 10 சென்டிமீட்டர் என்றால் எவ்வளவு என்று மட்டும் கேட்டார். கட்டைவிரலையும் சேர்த்து உள்ளங்கையின் அகலம் என்றேன். அடுத்த வாரம் சிவாஜிநகர் சந்தையில் கூடைக்கு மேல் கையை வைத்து மத்தியை அளந்திருக்கிறார். மீன்காரர், "நாற்பது வருடமாக வாங்குகிறீர்கள், இன்றைக்கு என்ன அளவு பார்க்கிறீர்கள், அம்மா? நீங்கள் வேண்டாமென்றால் பொழுது சாய்வதற்குள் வேறொருவர் வாங்கிப் போவார்" என்றாராம். அவர் கூறியதில் பொய் இல்லை. இதனை அம்மையார் வகுப்பில் வந்து சொன்னபோது, முன்னர்ச் சினந்த தங்கவயல் பெரியவரே, "அந்த வேறொருவரும் நம் சங்கத்து வீடாக இருக்கக்கூடும். நம்மில் எத்தனை வீடு அந்தச் சந்தையில் வாங்குகிறது?" என்று கேட்டு, எழுந்து எண்ணத் தொடங்கினார். அன்று வந்திருந்தவரில் பதினேழு வீடுகள். வரும் ஞாயிறன்று அவர்களில் ஆறு பேர் அம்மையாரோடு சந்தைக்குப் போவதென முடிவாயிற்று. குஞ்சு மீனைக் காக்கும்படி கர்நாடக மீன் துறைக்கு அனுப்பவேண்டிய விண்ணப்பத்தை எழுதும் பொறுப்பு பேத்தியிடம் கொடுக்கப்பட்டுள்ளது.